ஒரு நாளைக்கு 86,400: கைக்கடிகாரம் நேரத்துக்கு வந்த கதை

(முன்னாள் மாணவர், எந்திரப் பொறியியல், 2008–2012)

மலர்க் குழுவினர் என்னிடம், "ஹாஸ்டல் சாப்பாடு, கட் அடித்த கதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நீங்கள் ஏதாவது தொழில்நுட்ப வரலாறு எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். எதை எழுதுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. சில வருடங்களாக எனக்குப் பிடித்துப்போயிருக்கும் ஒரு விஷயம், சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கைக்கடிகாரம்.

நின்றுபோன கடிகாரத்தை ஓட வைப்பது ஒரு வேலை. ஓடுகிற கடிகாரத்தை நேரத்துக்கு ஓட வைப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குப் பின்னால் 300 வருட விஞ்ஞானம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போன கதையும் இருக்கிறது. நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு நொடி என்றால் எவ்வளவு?

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், அரியர் வைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை.

ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். உங்கள் கடிகாரம் தினமும் ஒரு நிமிடம் முந்துகிறது என்றால், "என்னய்யா வாட்ச் இது!" என்று சலித்துக்கொள்வோம். ஆனால் பாருங்கள், அந்தப் பிழை வெறும் 0.07 சதவீதம். நம் லேபில் ஒரு சோதனையில் ஒரு சதவீதப் பிழை வந்தால் ரெக்கார்டு நோட்டில் "முடிவு திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் நாம்! ஒரு நாளைக்கு ஒரு நொடி மட்டுமே தவறுகிற கடிகாரம் என்றால் அதன் பிழை பத்து லட்சத்தில் சுமார் 12 பங்குதான். இந்த வேலையைச் செய்வது கைக்கு அடக்கமான ஒரு சிறிய பித்தளைச் சக்கரமும், தலைமுடி போன்ற ஒரு சுருள் கம்பியும்.

அந்தச் சக்கரத்தின் பெயர் பேலன்ஸ் வீல். கம்பியின் பெயர் ஹேர் ஸ்பிரிங். சக்கரம் ஒரு பக்கம் சுழலும், ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும், சக்கரம் மறுபக்கம் போகும். நம் வீடுகளில் இருந்த ஹெச்.எம்.டி. சாவி வாட்ச்களில் இது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை நடக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 'டிக்'. சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கின்றன. முதலாண்டில் படித்த அதே சமன்பாடுதான், புதிதாக ஒன்றுமில்லை.

கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் பேலன்ஸுக்கு மேலே ஒரு சின்ன முள் தெரியும். அதுதான் ரெகுலேட்டர். அதன் அடியில் உள்ள இரண்டு ஊசிகளுக்கு இடையே ஹேர் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று போகிறது. முள்ளை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும், கடிகாரம் வேகமாக ஓடும். மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும்.

எவ்வளவு தள்ள வேண்டும்? ஸ்பிரிங்கின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ட நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படியானால் நாளைக்கு ஒரு நொடி மாற்ற வேண்டுமென்றால் நீளத்தில் சுமார் 2.3 மைக்ரான் மாற்றினால் போதும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு முடி அளவு நகர்த்தினாலே நாளைக்கு அரை நிமிடம் மாறிவிடும்! ரோட்டோரம் சின்ன மேஜை போட்டு, கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் மெக்கானிக் ஒரு குச்சி முனையால் செய்கிற வேலை இதுதான். இனி அவரைப் பார்த்தால் ஒரு வணக்கம் போடுங்கள்.

1675: சுருள் கம்பி வந்தது

ஹேர் ஸ்பிரிங் வருவதற்கு முன் கைக்கடிகாரம் என்பது பணக்காரர்களின் நகை மாதிரி. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் காட்டலாம், நேரத்துக்கு நம்ப முடியாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தவறுவதெல்லாம் சாதாரணம். அதனால் பெரும்பாலானவற்றில் நிமிட முள்ளே கிடையாது. வைத்து என்ன பயன்?

1675-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பேலன்ஸ் சக்கரத்தோடு சுருள் ஸ்பிரிங்கைச் சேர்க்கும் முறையை வெளியிட்டார். உடனே லண்டனில் இருந்து ராபர்ட் ஹூக், "இது என் யோசனை, பல வருடம் முன்பே செய்துவிட்டேன்" என்று சண்டைக்கு வந்தார். ஆமாம், ஸ்பிரிங்கின் நீட்சி விசைக்கு நேர்விகிதம் என்று நாம் மனப்பாடம் செய்த அதே ஹூக்தான். யார் முதல் என்ற வழக்கு இருக்கட்டும். இந்த ஒரே கம்பியால் தவறு அரை மணியிலிருந்து சில நிமிடங்களாகக் குறைந்தது. நிமிட முள்ளுக்கு அர்த்தம் வந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

கடலில் போன உயிர்கள்

சில நிமிடத் தவறு நிலத்தில் பெரிய விஷயமில்லை. கடலில் அது எமன்.

நடுக்கடலில் கப்பல் எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். கடிகாரம் 4 நிமிடம் தவறினால் பூமத்திய ரேகைப் பகுதியில் கப்பலின் இடம் 110 கிலோமீட்டர் தவறும். 1707-இல் கப்பல் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததால் இங்கிலாந்தின் நான்கு போர்க்கப்பல்கள் சில்லித் தீவுகளின் பாறையில் மோதி மூழ்கின. 1,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சொந்த நாட்டுக் கரை பக்கத்தில் இருக்கும்போதே நடந்த சாவு அது.

1714-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 20,000 பவுன் பரிசு அறிவித்தது. மேற்கிந்தியத் தீவுகள் வரை போய்ச் சேரும்போது தவறு அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். அரை டிகிரி என்றால் 2 நிமிடம். பயணம் சுமார் ஆறு வாரம். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 3 நொடிக்கு மேல் தவறக்கூடாது. அதுவும் ஆடுகிற கப்பலில், வெயிலிலும் குளிரிலும்!

இதைச் சாதித்தவர் பெரிய பட்டதாரி கிடையாது. ஜான் ஹாரிசன், தச்சர் வீட்டுப் பிள்ளை, தானும் தச்சர். மூன்று பெரிய கடிகாரங்கள் செய்து பார்த்து, நான்காவதாக 13 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பெரிய பாக்கெட் வாட்ச் செய்தார். 1761 நவம்பரில் அது ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. 81 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது தவறு சுமார் 5 நொடி!

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த 5 நொடி என்பது கடிகாரத்தின் தினசரி வித்தியாசத்தைக் கழித்த பிறகு வந்த கணக்கு. கடிகாரம் தினமும் கொஞ்சம் பிந்தும், ஆனால் தினமும் அதே அளவு பிந்தும். அதே அளவு பிந்துகிற கடிகாரத்தை நம்பலாம், ஏனென்றால் கழித்துக்கொள்ளலாம். இன்று 10 நொடி முந்தி, நாளை 10 நொடி பிந்துகிற கடிகாரம் வாரக் கடைசியில் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அது பொய்க் கடிகாரம். பின்னாளில் கப்பல் கடிகாரங்களைக் கடலில் யாரும் திருப்பி வைக்கவே மாட்டார்கள். வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள்.

பரிசுக் குழுவினர் ஹாரிசனை லேசில் விடவில்லை. அதிர்ஷ்டம் என்றார்கள், மறுபடி சோதனை என்றார்கள். 1764-இல் பார்படோஸ் பயணத்திலும் கடிகாரம் ஜெயித்தது. கடைசியில் பாராளுமன்றமே தலையிட்டு 1773-இல் மிச்சப் பணம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 80. மூன்று வருடத்தில் இறந்துபோனார். அதே சமயத்தில் அவர் கடிகாரத்தின் நகலை வைத்துக்கொண்டு கேப்டன் குக் தன் இரண்டாவது பெரும் பயணத்தில் கடலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வெயிலும் படுக்கையும்

கடிகாரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பம். சூடு ஏறினால் எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு குறையும், கடிகாரம் பிந்தும். எந்த ஏற்பாடும் இல்லாத சாதாரண வாட்சில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு நாளைக்குச் சுமார் 10 நொடி. நம் ஊர் மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள். 12 டிகிரி ஏறினால் 2 நிமிடம் போச்சு.

இதற்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வைத்தியம், உள்ளே எஃகு, வெளியே பித்தளை வைத்துச் செய்த பேலன்ஸ் சக்கரம். விளிம்பு இரண்டு இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். சூட்டில் விளிம்பு உள்நோக்கி வளையும், சக்கரம் வேகமாகும், ஸ்பிரிங்கின் பிந்தலை ஈடுகட்டும். விளிம்பில் உள்ள சின்னச் சின்னத் திருகுகளை இடம் மாற்றி வைத்து இதை நுணுக்கமாகச் சரி செய்வார்கள். ஒரு கடிகாரத்துக்கு வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை.

இந்தத் தலைவலிக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த சார்ல் எடுவார் கியோம். நிக்கலும் இரும்பும் கலந்து, சூட்டில் ஏறக்குறைய நீளாத இன்வார் என்ற உலோகத்தை 1896-இல் கண்டுபிடித்தார். பிறகு சூட்டில் விறைப்பு மாறாத எலின்வாரையும் தந்தார். 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மெட்டீரியல் சயன்ஸ் பாடத்தில் இன்வார் இரண்டு மார்க் கேள்வி. அதன் பின்னால் இத்தனை பேருடைய தூக்கம் இருக்கிறது!

இரண்டாவது எதிரி, கடிகாரம் எப்படிக் கிடக்கிறது என்பது. டயல் மேலே பார்க்கப் படுத்திருந்தால் பேலன்ஸ் அச்சு ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்து உரசும். நிறுத்தி வைத்தால் அச்சின் இரு முனைகளும் பக்கவாட்டில் உரசும், ஆட்டம் குறையும். சக்கரத்தில் இம்மியளவு எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலும் நிலைக்கு நிலை வேகம் மாறும். பாரிஸில் இருந்த பிரெகே, பேலன்ஸ் பகுதி முழுவதையும் ஒரு கூண்டில் வைத்துச் சுற்ற விட்டால் எல்லா நிலைத் தவறும் சராசரியாகிவிடும் என்று யோசித்து 1801-இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் இன்று லட்சக்கணக்கில் விற்கும் டூர்பில்லான். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மேலே தூக்கி உள்ளே வளைக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் வந்தது. அந்த வளைவு என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்று 1861-இல் கணிதமாக நிரூபித்தவர் எடுவார் பிலிப்ஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினியர்.

தண்டவாளத்திலும் அதே கதை

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில். எது எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைச் சொல்வது கால அட்டவணையும் பையில் இருக்கும் வாட்சும் மட்டுமே. 1891 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் தபால் ரயிலும் பயணிகள் ரயிலும் மோதிப் பலர் இறந்தார்கள். ஒரு டிரைவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெப் பால் என்ற கடிகார வியாபாரியை அழைத்து ரயில்வே கடிகாரங்களைக் கண்காணிக்கச் சொன்னார்கள். ரயில்வே வாட்ச் வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் தவறக்கூடாது, ஐந்து நிலைகளில் சரிபார்த்திருக்க வேண்டும், குறைந்தது 17 கல் இருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. 'ஐந்து நிலை' என்ற எழுத்து பழைய அமெரிக்க வாட்சுகளின் உள்ளே பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அது விளம்பரம் அல்ல, கிப்டனில் செத்தவர்களின் கணக்கு.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த மதராஸ் வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்தது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்த 'மெட்ராஸ் டைம்' தந்தி வழியாகப் போய், இந்திய ரயில்களின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம் வந்தது. தமிழ் எழுத்துகளும் பொறித்த அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னை நண்பர்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

போட்டியும் முடிவும்

சுவிட்சர்லாந்தில் நூஷாட்டெல், ஜெனீவா வானாய்வகங்கள் கடிகாரங்களுக்குப் பரீட்சை வைத்தன. பல நிலைகளிலும் பல வெப்பநிலைகளிலும் வாரக்கணக்கில் சோதனை நடக்கும். ஒவ்வொரு கம்பெனியிலும் 'ரெக்லர்' எனப்படும் சரிசெய்யும் கலைஞர்கள் இதற்காகவே இருந்தார்கள். 1960-களில் ஜப்பானின் சீக்கோ வந்து சேர்ந்தது. 1968-இல் ஜெனீவாவில் அதன் இயந்திரக் கடிகாரங்கள் சுவிஸ்காரர்களையே வியக்க வைத்தன. ஆனால் அதற்கு முந்தைய வருடமே நூஷாட்டெலில் குவார்ட்ஸ் கடிகாரம் முதல் இடங்களைப் பிடித்துவிட்டது. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தவறு மாதத்துக்கு 5 நொடி. அவ்வளவுதான், மூன்று நூற்றாண்டு ஓட்டம் முடிந்தது.

நம் நாட்டில் இந்தக் கதை கொஞ்சம் தாமதமாக நடந்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் ஹெச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. ஜனதா, பைலட் என்ற பெயர்கள் தெரியாத வீடு உண்டா? கல்யாணத்துக்கு, பரீட்சை பாஸ் ஆனதற்கு, வேலை கிடைத்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் பரிசு. பிறகு டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் சொன்னது

என் அப்பாவின் ஹெச்.எம்.டி.யை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்த பெரியவரிடம் கொண்டு போனேன். நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்துகிறது, ரெகுலேட்டரைக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள் ஐயா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, காய்ச்சல்காரனுக்குத் தண்ணி ஊத்திக் குளிர வைக்கிற மாதிரி சொல்றீங்க. முள்ளைத் தொடுறது கடைசி வேலை" என்றார்.

அவர் சொன்ன வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். காய்ந்த எண்ணெயோடு ஓடும் கடிகாரத்தின் வேகத்தைத் திருத்துவது வீண். அடுத்து ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் பறக்கும். அப்பாவுடையதில் அதுதான் கோளாறு. மூன்றாவது, 'டிக்'கும் 'டாக்'கும் சம இடைவெளியில் விழ வேண்டும். அவர் அதைக் காதில் வைத்தே சொல்லிவிடுவார். நான்காவது, படுக்கையிலும் நிலையிலும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் முள்.

1930-களிலேயே இதற்கு மெஷின் வந்துவிட்டது. டிக் சத்தத்தை மைக்கில் வாங்கிக் காகிதத்தில் புள்ளிகளாக அடிக்கும். கோடு ஏறினால் முந்துகிறது, இறங்கினால் பிந்துகிறது. இன்று போனிலேயே அதற்கு ஆப் இருக்கிறது. பெரியவரிடம் மெஷினும் கிடையாது, ஆப்பும் கிடையாது. காலையில் ஆகாசவாணி செய்திக்கு முன் வரும் 'பீப்' சத்தத்துக்கு வைத்து, மறுநாள் அதே சத்தத்துக்கு ஒப்பிட்டே இத்தனை வருடம் தொழில் செய்திருக்கிறார்.

நான் வீட்டில் ஒரு நோட்டு போட்டு எழுதினேன். கையில் கட்டியிருக்கும்போது நாளைக்கு 4 நொடி வீதம் பிந்தியது. டயல் மேலே பார்க்க மேஜையில் வைத்தால் 8 நொடி வீதம் முந்தியது. 16 மணி நேரம் கட்டினால் 2.7 நொடி பிந்தும். இரவு 8 மணி நேரம் படுக்க வைத்தால் அதே 2.7 நொடி முந்தும். முள்ளைத் தொடவே வேண்டாம்! பெரியவரிடம் காட்டினேன். "இப்பத்தான் தம்பி வாட்ச் உங்களோடது ஆச்சு" என்றார்.

அவருடைய கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் கையில் இருந்த வித்தை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஹாரிசனின் கடிகாரம் கிரீன்விச்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் ஹாரிசன்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

"நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்சே இதைவிட நன்றாக ஓடுகிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் போனில் வரைபடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரமும் தவறுகிறது. அதை அடிக்கடி திருப்பி வைப்பதில்லை. "நான் இவ்வளவு தவறாக இருக்கிறேன்" என்று அதுவே கீழே தகவல் அனுப்புகிறது, உங்கள் போன் கழித்துக்கொள்கிறது. ஹாரிசன் காலத்துக் கணக்கு வானத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. தவறே செய்யாத கருவி என்று உலகில் எதுவுமில்லை. தன் தவறு எவ்வளவு என்று தெரிந்த கருவிதான் உண்டு. எஞ்சினியருக்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலின்போது நம் மெட்ராலஜி லேபில் ஒரு நாள், இந்த ஊரில் இன்னும் தொழில் செய்கிற வாட்ச் மெக்கானிக்குகளை அழைத்து, மரியாதை செய்து, அவர்கள் வேலை செய்வதை மாணவர்கள் படம் பிடித்து எழுதி வைக்க ஏற்பாடு செய்யலாம். செலவு அதிகம் ஆகாது, என் பங்கை நான் தருகிறேன். பீரோவில் தூங்கும் அப்பா, தாத்தா வாட்சுகளை ஒவ்வொருவரும் கொண்டு வந்தால் பயிற்சிக்கும் பஞ்சமிருக்காது.

அடுத்த சந்திப்பில், கையில் சாவி வாட்சோடு பார்ப்போம்!